இனியாவின் முதல் மொழி

போன வாரம் அலுவலகச் சாப்பாட்டு அறையில் என் வாய் என்னைக் கேட்காமலே ஒரு வேலை செய்தது. மைக்ரோவேவில் சூடு பண்ணிய டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, மூலை மேசையில் தனியாக உட்கார்ந்து சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரேசியைப் பார்த்து "புவேன் ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டேன். டிரேசி காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். "சாரி, ஏதாவது சொன்னாயா?" என்று கேட்டாள். நன்றாகச் சாப்பிடு என்று சொன்னேன் என்றேன். "ஓ, ஸோ நைஸ்! உங்கள் இந்திய பாஷையா?" என்றாள். அது எங்கள் பாஷை இல்லை, பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருக்கிறது, அங்கே ஆறு வருடம் இருந்தோம் என்று ஆரம்பித்தால் அவளுடைய அரை மணி நேர இடைவேளை கரைந்துவிடும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

குவாத்தமாலாவில், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரை அப்படிச் சொல்லாமல் கடந்து போகக் கூடாது. தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஹோட்டலில் சாப்பிட்டு முடித்து எழுந்து போகிறவர் வழியிலிருக்கும் ஒவ்வொரு மேசைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே போவார். சாப்பிடுகிறவர்கள் வாயில் கவளத்தோடு "கிராசியாஸ்" என்று நன்றி சொல்வார்கள். தின்றது உடம்பில் ஒட்டட்டும் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். திருப்பூரில் நாம் இன்னும் சாப்பிடாதவரைத் தேடிப் பிடித்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். இப்போது நாங்கள் இருக்கும் மெல்பர்னில் சாப்பிடுகிறவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் மரியாதை. மூன்று ஊரிலும் மரியாதை இருக்கத்தான் செய்கிறது. எது எந்த ஊருக்கு என்பதுதான் எனக்குச் சில நாள் குழம்பிவிடுகிறது.

நாங்கள் குவாத்தமாலா போனதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. என் கணவர் முருகேசன் திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் புரொடக்ஷன் மேனேஜர். அமெரிக்காவுக்கு டி-சர்ட் தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்று குவாத்தமாலா நகரத்துக்கு வெளியே இருக்கிறது, ஆள் தேடுகிறார்கள் என்று ஏஜெண்ட் ஒருவர் சொன்னார். செய்தியைக் கேட்டதும் என் அப்பா, "அது எந்த மலைப் பக்கம்?" என்று கேட்டார். மலைதான் என்று சொல்லியிருக்கலாம். போய் இறங்கிய அன்று விமானத்தின் சன்னலிலிருந்து பார்த்தபோது, ஊரைச் சுற்றி எரிமலைகள்தான் நின்றன. ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பயணி அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். சரி, இங்கே இது வழக்கம்தான் போலிருக்கிறது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நானும் அதே கம்பெனியில் தரப் பிரிவில் சேர்ந்தேன். திருப்பூரில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்த அனுபவம் எனக்கு இருந்தது; இல்லாதது மொழி மட்டும். தையல் விட்டுப்போன இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, நூலுக்கு என்ன பெயர், ஊசிக்கு என்ன பெயர், கோணல் என்பதற்கு என்ன சொல் என்று லைனில் இருந்த பெண்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். அதனால் என்னுடைய ஸ்பானிஷ் பனியன் கம்பெனி ஸ்பானிஷ். கவிதை தெரியாது, காலர் கோணலாக இருக்கிறது என்று நூறு விதமாகச் சொல்லத் தெரியும். முதல் வாரம் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். தமிழ் என்றேன். "தமால்?" என்று ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது. தமால் என்பது அங்கே சனிக்கிழமை தோறும் வாழை இலையில் கட்டி வேகவைக்கும் மக்காச்சோளக் கொழுக்கட்டை. மறுவாரம் எனக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்து, "இந்தாங்க, உங்க மொழி" என்றார்கள். ருசியான மொழியாகத்தான் இருந்தது.

இன்னொரு தவறு சிரிக்கிற மாதிரி இல்லை. எந்த ஊர் என்று கேட்ட ஒரு பெண்ணிடம், புத்தகத்தில் படித்தபடி "சோய் இந்தியா" என்றேன். நான் இந்தியப் பெண் என்று சொன்னதாக நினைப்பு. அவள் முகம் மாறிவிட்டது. என்னை ஓரமாக அழைத்துப்போய், அப்படிச் சொல்லாதீர்கள், "இந்தூ" என்று சொல்லுங்கள் என்றாள். அந்த நாட்டின் பூர்வ குடிகளான மாயா மக்களைத் திட்டுவதற்கு மற்றவர்கள் வைத்திருக்கும் சொல் "இந்தியா" என்று அப்புறம்தான் தெரிந்தது. கம்பெனியில் இருந்த கேரளத்துக் கிறிஸ்தவர் உட்பட எங்கள் எல்லோரையும் அவர்கள் "இந்தூ" என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் அது தெரிவதற்கு முன்பே அதே வாக்கியத்தை இன்னொருவரிடமும் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, முன்னறையில் தோர்த்தியா கடை வைத்திருந்த தோன்யா எல்வீராவிடம். தோன்யா என்றால் நம் ஊரில் பெயருக்குப் பின்னால் அம்மா சேர்ப்பதுபோல. மக்காச்சோள மாவை இரண்டு கையாலும் தட்டித் தட்டி வட்டமாக்கிக் கல்லில் போடுவார். அந்தத் தட்டல் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. பைரோன் என்று பள்ளியில் படிக்கும் ஒரு மகன். இடுப்பில் கைத்தறித் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார். பூ வேலை செய்த மேல்சட்டை. நான் தோர்த்தியா வாங்கப் போன முதல் நாள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். "சோய் இந்தியா" என்றேன். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. என் முகத்தை, நிறத்தை, எண்ணெய் வைத்துப் பின்னிய சடையை நிதானமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமல், "யோ தம்பியேன்" என்றார். நானும்தான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்த பிறகு ஒருநாள் விளக்கம் சொல்லப் போனேன். நான் சொல்லவந்தது நாட்டின் பெயர், நீங்கள் நினைத்தது வேறு என்று. எல்வீரா அடக்க முடியாமல் சிரித்தார். "தெரியும், கண்ணு. ஆனா அந்த வார்த்தையை அவ்வளவு தைரியமா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை" என்றார். அன்றிலிருந்து நாங்கள் பழகினோம்.

எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். பெயரைப் பதியப் போன இடத்தில் மறுபடியும் ஒரு கூத்து. ஸ்பானிஷில் சிறுமிக்கு "நீன்யா" என்று சொல்வார்கள். நாங்கள் வைத்த பெயரோ இனியா. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் "நீன்யாவின் பெயர்?" என்றார்.

"இனியா" என்றார் முருகேசன்.

"ஆமாம், நீன்யாதான். பெயர் என்ன?"

"இனியா."

"சார், பெண் குழந்தை என்று தெரிகிறது. பெயரைச் சொல்லுங்கள்."

ஒருவழியாக எழுதிக் காட்டினோம். அடுத்து, குடும்பப் பெயர் இரண்டு வேண்டும், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்றார். எங்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது என்பதை நாங்கள் சொல்லச் சொல்ல அவருக்கு எங்கள் மேல் பரிதாபம்தான் அதிகமானது. கடைசியில் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்து அவரே முடிவு செய்தார். இனியா சின்னசாமி சுப்பிரமணியம். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையின் தோளில் இரண்டு தாத்தாக்களும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பின்னால் மெல்பர்னில் பள்ளியில் சேர்த்தபோது கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அவளை மிஸ் சுப்பிரமணியம் ஆக்கிவிட்டார்கள். தன் அப்பாவின் பெயர் நடுவில் காணாமல் போனதை முருகேசன் இன்றைக்கும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார்.

நான் வேலைக்குத் திரும்பியபோது எல்வீராதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். கேட்கக்கூட இல்லை, "இங்கே விட்டுட்டுப் போ" என்றார். மாவும் நீராவியும் மணக்கும் அந்த முன்னறையில், அவர் முதுகில் துணியால் கட்டிய தொட்டிலில் இனியா வளர்ந்தாள். அவளுடைய முதல் வார்த்தைகள் ஸ்பானிஷ். எல்வீராவை "நானா" என்று கூப்பிட்டாள். அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அப்படித்தான் சொல்வார்கள். எல்வீராவின் சொந்த மொழியான கக்சிக்கேலில் பெற்ற தாய்க்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் வேறு அர்த்தத்தில் சுற்றியது. குழந்தை "நானா, நானா" என்று அழும்போதெல்லாம் முருகேசன், "நீதான், நீயேதான். வேற யாரு?" என்பார். நான் சிரிப்பேன். ஆனால் கம்பெனியிலிருந்து வந்து கையை நீட்டும்போது குழந்தை எல்வீராவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் நாட்களில் சிரிப்பு வராது. எல்வீராவுக்கு அது தெரியும். அப்போதெல்லாம் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவார்.

அந்த நகரத்தில் பயமும் ஒரு வழக்கம்தான். மருந்துக்கடை வாசலில், ரொட்டிக்கடை வாசலில்கூடத் துப்பாக்கியோடு காவலாளி நிற்பார். பேருந்துகளிடம் கும்பல்கள் மாமூல் வாங்கும். கொடுக்காவிட்டால் ஓட்டுநரைச் சுடும். இதெல்லாம் நாளிதழில் வரும், நமக்கு நடக்காது என்று இருந்தோம். ஒரு சாயங்காலம், காய்ச்சலில் கிடந்த இனியாவுக்காக விடுப்பு எடுத்து நான் வீட்டில் இருந்தேன். கம்பெனிப் பேருந்தைச் சிக்னலில் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள் என்று தெருவில் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். முருகேசன் வருகிற பேருந்து. போன் போட்டால் எடுக்கவில்லை. எல்வீரா அடுப்பை அணைத்தார், கடையைச் சாத்தினார், நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து கேட்டை உள்பக்கம் பூட்டினார். அதற்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீ குழந்தைக்குக் கஞ்சி கொடு. கேட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். பயப்படாதே என்றோ, ஒன்றும் ஆகாது என்றோ சொல்லவில்லை. அவருடைய கணவரும் அப்படி ஒரு பேருந்தில்தான் உயிரை விட்டவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தெருவிளக்கு போடும் நேரத்தில் முருகேசன் நடந்து வந்தார். சட்டையில் கண்ணாடித் தூள். அவர் பின் இருக்கையில் இருந்திருக்கிறார். ஓட்டுநர் தோன் செப்பே இறந்துவிட்டார். தினமும் காலையில் முருகேசனுக்கு ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து வணக்கம் வைத்துக் காட்டும் மனிதர். அதை முருகேசன்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். எல்வீரா கேட்டைத் திறந்துவிட்டு, அவர் தோளைத் தொட்டார். துணியில் சுற்றிய தோர்த்தியாக்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே முருகேசன் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும் வேலையை ஆரம்பித்தார்.

விசா வந்து நாங்கள் கிளம்பியபோது இனியாவுக்கு நான்கு வயது. நானாவும் வருகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். எல்வீரா விமான நிலையத்துக்கு வரவில்லை. கடை இருக்கிறது என்றார். டாக்ஸி அவர் வாசலைக் கடந்தபோது மாவு தட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. இனியா கண்ணாடியில் கையை வைத்து "நானா" என்று கத்தினாள். தட்டல் சத்தம் மட்டும் இன்னும் வேகமானது.

மெல்பர்னின் புறநகரான பாயிண்ட் குக்கில் குடியேறினோம். முருகேசனுக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. எனக்குச் சீருடை தைத்து விற்கும் நிறுவனத்தில். தெருவெல்லாம் நம் மக்கள். பொங்கலுக்குக் கரும்பு கிடைக்கும், விநாயகரைப் பார்க்க வேண்டுமென்றால் நகரத்தைத் தாண்டி த பேசின் வரை கார் ஓட்டிப் போகலாம், காவலாளி இல்லாத மருந்துக்கடைக்குள் யாரும் போய்வரலாம். முதல் மாதம் நான் அந்த வாசல்களில் துப்பாக்கியைத் தேடினேன். குழந்தைகள் காப்பகத்தில் இனியா நாள் முழுக்க நானா நானா என்று அழுதாள். அங்கே இருந்த பெண்மணி நல்லவர். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "பாவம், பாட்டியைத் தேடுகிறாள். அவளுடைய நானா இந்தியாவிலா இருக்கிறார்?" என்று கேட்டார். இந்த ஊரில் பாட்டிக்கு அந்தச் சொல். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல அன்றைக்கு என்னிடம் ஆங்கிலமும் இல்லை, தெம்பும் இல்லை.

ஒரு மொழி ஒரு குழந்தையை விட்டுப் போகும்போது சத்தம் போடாது. முதலில் அழுகை நின்றது. நிம்மதியாக இருந்தது. பிறகு தண்ணீருக்கு "அகுவா" என்பது "வாட்டர்" ஆனது. ஒருநாள் பூங்காவில், "பென்" என்று கூப்பிட்டேன், வா என்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். தமிழை நாங்கள் விடவில்லை. வாரம் தவறாமல் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டோம். ஸ்பானிஷைக் காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அது நாங்கள் வேலைக்குப் போன நாட்டின் மொழி. அது அவளுடைய முதல் மொழி என்று யோசிக்கவே இல்லை. சப்பாத்திக்கு மாவு உருட்டக் கொடுத்தால் மட்டும், உருட்டாமல் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தட்டுவாள். எங்கே கற்றாய் என்று கேட்டால் தெரியாது என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்வீராவோடு வீடியோவில் பேசுவோம். அங்கே அப்போது சனிக்கிழமை சாயங்காலம். நான் பேசுவேன், முருகேசன் இரண்டு வார்த்தை பேசுவார், இனியா வந்து கையை ஆட்டுவாள். பல் விழுந்தால் காட்டுவாள். புது ஷூ வாங்கினால் காலைத் தூக்கிக் காட்டுவாள். எல்வீரா மாவுக் கையால் திரையைத் தடவுவார்; கேமராவில் மாவு ஒட்டிப் படமெல்லாம் மங்கலாகிவிடும். பேச்சு இல்லாமலே எட்டு வருடம் அது போதுமானதாக இருந்தது.

போன வருடம் சில வாரங்கள் எல்வீரா அழைப்பை எடுக்கவில்லை. பிறகு பைரோன் பேசினான். இப்போது அவன் கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிற வளர்ந்த ஆள். அம்மாவுக்குச் சர்க்கரை முற்றிவிட்டது, கண் இரண்டும் போய்விட்டது, வெளிச்சம்கூடத் தெரியவில்லை என்றான். "அம்மா பேசறேன்னு சொல்றாங்க. ஆனா வீடியோ வேண்டாமாம். தான் பாக்க முடியாதபோது தன்னை மட்டும் ஏன் எல்லாரும் பாக்கணும்னு கேக்கறாங்க."

அடுத்த ஞாயிறு போனை ஸ்பீக்கரில் போட்டு சாப்பாட்டு மேசையில் வைத்தேன். எல்வீராவின் குரலில் மாற்றமே இல்லை. முருகேசனைக் கேட்டார், என் முதுகுவலியைக் கேட்டார். பிறகு, "நேனா எங்கே?" என்றார். நேனா என்பது அவர் இனியாவைக் கூப்பிடும் செல்லம். பாப்பா என்கிற மாதிரி. இனியா வந்தாள். வழக்கம்போலச் சிரித்து, போனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஆட்டிய கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் எல்வீரா காத்திருந்தார். அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் எல்வீரா மெதுவாகக் கேட்டார்: "யா சே ஃபுவே லா நேனா?"

"வாட் டிட் ஷி சே, அம்மா?" என்றாள் இனியா.

"பாப்பா போயிட்டாளான்னு கேக்கறாங்க."

"பட் ஐ'ம் ரைட் ஹியர்!" என்றாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். "அக்கீ எஸ்தோய்" என்று சொல்லிக் கொடுத்தேன். வாரம் முழுக்க பல் தேய்க்கும்போதும் பள்ளிக்குப் போகும் வழியிலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு எல்வீரா நேனா எங்கே என்று கேட்டதும், "அக்கீ எஸ்தோய், நானா" என்றாள். எல்வீரா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தடதடவென்று என்னென்னவோ கேட்க ஆரம்பித்தார். இனியாவுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தெரியாது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, ஸ்பானிஷ் வகுப்பில் சேர வேண்டும் என்றாள். விசாரித்தோம். சனிக்கிழமை காலை, தமிழ்ப் பள்ளி நடக்கும் அதே நேரம். முருகேசன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"தமிழே இன்னும் தடவிட்டுத்தான் இருக்கறா. அதை உட்டுப்போட்டு ஸ்பானிஷ் படிக்கப் போறாளாமா? ஊர்ல போயி நாலு பேருகிட்டப் பேச வேண்டாமா?"

"தமிழ் வீட்ல இருக்குப்பா. நீங்க இருக்கீங்க, அம்மா இருக்காங்க. நானாகிட்டப் பேச எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள் இனியா. அவள் அவ்வளவு நீளமாகத் தமிழில் பேசி நாங்கள் கேட்டு நாளாகியிருந்தது. அவளுடைய வாதத்துக்கு அது உதவியது என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த முருகேசன், என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு அந்தம்மா கேட்டுக்குப் பின்னாடி உக்காந்திருந்துச்சு" என்றார். நான் குழாயை மூடினேன். "வெளியில இருந்து பாத்தேன். கேட்டைச் சாத்திட்டு, கையில தோசைத்திருப்பி மாதிரி ஒண்ணை வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு. துப்பாக்கியோட வர்றவனைத் திருப்பியாலயே அடிச்சுப் போடலாம்னு இருந்திருக்கும்." சிரிக்கத்தான் முயன்றார். "சனிக்கிழமை ஸ்பானிஷுக்கே போகட்டும். தமிழை ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் உக்காத்தி வெச்சுச் சொல்லித் தர்றேன்" என்றார். சொன்னபடி செய்கிறார். அதில் பாதி நேரம் இருவரும் சண்டை போடுகிறார்கள். சண்டை தமிழில்தான் நடக்கிறது.

தன் பங்குக்கு ஸ்பானிஷும் சொல்லிக் கொடுத்தார். அவருடையதும் கம்பெனி ஸ்பானிஷ்தான், என்னுடையதைவிட மோசம், முழுக்க அதட்டல். ஒரு ஞாயிறு எல்வீரா எதையோ நினைவுபடுத்திக்கொள்ளத் தயங்கியபோது, இனியா அப்பா கற்றுக்கொடுத்த நம்பிக்கையில் "அபூரெசே!" என்று கணீரென்று சொன்னாள். சீக்கிரம் ஆகட்டும் என்று லைனில் விரட்டுகிற சொல். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எல்வீரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது எங்களுக்குக் கேட்டது. "உங்க அப்பாதான் பேசறாரு, இது உங்க அப்பாதான்!" என்றார். பிறகு, "என் பைரோனுக்கும் இப்படித்தான். என் மொழியில நான் திட்டினது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்" என்றார். அவருடைய கக்சிக்கேல் மகனிடம் தங்கவில்லை. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்ததால் அவன் சின்ன வயதிலேயே அதை விட்டுவிட்டானாம். இத்தனை வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை.

இனியாவுக்குக் கடினமாக இருந்தது ஒரு சிறிய விஷயம். ஸ்பானிஷில் இடத்தைச் சுட்ட மூன்று சொற்கள்: அக்கீ, அயீ, அயா. முதலாவது இங்கே. கடைசி அங்கே. நடுவில் இருப்பதற்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது? பக்கத்து வீட்டு ரஞ்சி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கறிவேப்பிலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாங்கள் திண்டாடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இதிலை என்ன கஷ்டம்? எங்கட தமிழிலை இருக்குத்தானே. இங்கை, உங்கை, அங்கை. நீங்கள் கேக்கிற ஆள் எங்கை நிக்கிறாரோ, அது உங்கை. கனடாவிலை இருக்கிற என்ரை தங்கச்சியோட கதைக்கேக்கை, 'உங்கை குளிரோ?' எண்டு கேப்பன். இந்தியாக்காரர் நீங்கள் அதைத் துலைச்சுப்போட்டியள்."

"ஓ! சோ அயீ இஸ் உங்கை!" என்று இனியா துள்ளினாள்.

"ஓம், அதேதான்" என்றார் ரஞ்சி அக்கா, ஸ்பானிஷ் தெரிந்தவர் போல. அந்த வாரம் முதல், "உங்கை வெயிலா, உங்கை என்ன சமையல்" என்று எல்வீராவிடம் கேட்கவேண்டிய கேள்விகளை இனியா தமிழில் தயார் செய்துகொண்டு, பிறகு ஸ்பானிஷுக்கு மாற்றினாள். பள்ளியில் பார்த்தது, ரயிலில் பார்த்தது, ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் வாழை இலை வாங்கப் போனபோது பார்த்த மீன்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் ஆங்கிலமோ தமிழோ வந்து விழும். கண் தெரியாத எல்வீரா, "என்ன நிறம்? எவ்வளவு பெரிசு?" என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

போன மாதம் ஒரு ஞாயிறு. காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. மெல்பர்ன் வெயிலை நம்பி நிறையத் துணி துவைத்துப் பின்பக்கக் கொடியில் போட்டிருந்தேன். இனியா வெளித்தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பள்ளி நீச்சல் போட்டியில் தான் கடைசியாக வந்த கதையை எல்வீராவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று வானம் இருண்டு மழை கொட்டியது. தாழ்வாரத்துக்கு மேலே பிளாஸ்டிக் கூரை. கல்லைக் கொட்டுவதுபோலச் சத்தம். இனியாவின் பேச்சு அதில் முங்கிப் போனது. போனுக்குள்ளிருந்து எல்வீரா அலறினார்:

"பைரோன்! லா ரோப்பா! மழை வந்துடுச்சு, துணியை எடு, ஓடு!"

அங்கே நாற்காலி இழுபட்டது. கதவு திறந்தது. யாரோ ஓடும் காலடி. பிறகு பைரோனின் சிரிப்பு தூரத்திலிருந்து நெருங்கி வந்தது. "அம்மா, இங்கே ஒரு சொட்டு இல்ல. வானம் நீலமா இருக்கு. அது இனியா வீட்டுல பெய்யற மழை."

"நிஜமாவா?" என்றார் எல்வீரா. மழையில்லாத மாதங்கள் அவை அங்கே. மே மாதம் வரை வராது. "நேனா, இன்னும் கொஞ்சம் கிட்ட வை. கேக்கறேன்."

இனியா எழுந்து நின்று, போனைப் பிடித்த கையைக் கூரையை நோக்கி உயர்த்தினாள். சத்தம் கேட்டு முருகேசனும் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். அங்கே பைரோன் அவசரமாக வாரிக்கொண்டு வந்த காய்ந்த துணிகள் எல்வீராவின் மடியில் இருந்திருக்கும். இங்கே எங்கள் துணிகள் கொடியில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தன. ஓடிப்போய் எடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.